தென்சுவர்க் கற்களைக் கழுவிய நாள்

எனக்குச் சுண்ணாம்பைக் கண்டால் ஆகாது. காவியைக் கண்டால் அதைவிட ஆகாது. கோயில் சுவரில் ஆயிரம் வருஷத்து எழுத்து இருக்கும்; திருவிழா வந்தால் போதும், அதன் மேல் வெள்ளையடித்துக் காவிப் பட்டை தீட்டிவிடுவார்கள். புதுக்கோட்டையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துகொண்டு, லீவு நாளெல்லாம் கல்வெட்டு தேடிச் சைக்கிளில் அலைந்த எனக்குப் பாதி ஆயுள் இந்தச் சுண்ணாம்பைச் சுரண்டுவதிலேயே போயிற்று. சில ஊர்களில் என்னைச் சண்டைக்காரர் என்றே சொல்வார்கள். அந்தக் கோபத்தில் செய்த ஒரு காரியத்தை இப்போதாவது எழுதிவிட வேண்டும்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. குடுமியான்மலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே சிவன் கோயில் சுவரை அரசமரத்து வேர் பிளந்துவிட்டது. கல் கல்லாக இறக்கி, இருந்தது இருந்தபடியே திரும்ப அடுக்குவதாக ஏற்பாடு. மூன்று பக்கத்துக் கற்களைக் கீற்றுக் கொட்டகைக்குள் வைத்துவிட்டார்கள். இடம் போதாததால் தென்சுவர்க் கற்கள் மட்டும் வெட்டவெளியில், முகம் வானத்தைப் பார்க்கக் கிடந்தன.

எழுத்து இருந்தது அந்தத் தென்சுவரில்தான். படி எடுப்பதென்றால் முதலில் கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு ஈரத் தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்ற வேண்டும். தாள் கறுப்பாகும், எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும்.

அமாவாசை அன்று போனேன். அன்று கல்வேலைக்காரர்கள் உளியைத் தொடமாட்டார்கள் என்பதால் குறுக்கே யாரும் வரமாட்டார்கள். கற்களின் மேல் வழக்கம்போலச் சுண்ணாம்பு, அதன் மேல் நெடுக்கும் குறுக்குமாகக் காவிக் கோடுகள். "பட்டை அடிக்க வேற எடமே கெடைக்கலையா ஒங்களுக்கு?" என்று ஆளில்லாத இடத்தில் வாய்விட்டுத் திட்டினேன். கிணற்றில் இறைத்து, சவுக்காரத்தைக் கரைத்து, கை கடுக்கக் கடுக்கத் தேய்த்தேன். மதியத்துக்குள் எல்லாக் கல்லும் பளிச்சென்று ஆகிவிட்டது. தாள்களைக் காயவைத்துச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்குள் நுழைந்த சற்று நேரத்தில் பெருமழை கொட்டியது. மறுநாள் என் வேட்டியைத் துவைத்த மனைவி, "எங்க போயி இந்தக் காவியை அப்பிக்கிட்டு வந்தீங்க? என்ன தேச்சாலும் போக மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனபோது கோயிலில் ஒரே சத்தம். திருப்பணிக் கமிட்டித் தலைவர் கல்வேலை மேஸ்திரியைப் பிடித்து உலுக்காத குறையாகத் திட்டிக்கொண்டிருந்தார். மேஸ்திரி விராலிமலைப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார்.

"ஒரு மழைக்குத் தாங்காத காவியிலயா அடையாளம் போடுவே? எந்தக் கல்லு எங்க இருந்துச்சுன்னு இப்ப யாரு சொல்றது? கும்பாபிஷேகத்துக்கு நாளு குறிச்சாச்சு!"

"எண்ணெயில கொழைச்சதுங்க. நிக்கிற கோடு எத்தனாவது வரிசைன்னு, படுத்த கோடு அதுல எத்தனாவது கல்லுன்னு. முப்பது வருசமா இப்படித்தான் போடுறேன். மழைக்குக் கரையாதுங்களே..." என்றார் மேஸ்திரி. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. கொட்டகைக்குள் இருந்த கற்களில் கோடுகள் அப்படியே இருக்க, மழையில் நனைந்தவற்றில் மட்டும் இல்லை. அவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெறும் பட்டை என்று நான் தேய்த்துக் கழுவியது அந்த அடையாளங்களைத்தான். நான் படி எடுக்க வந்தது எல்லோருக்கும் தெரியும். கல்லைக் கழுவித்தான் படி எடுப்பார்கள் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் இனி எந்தக் கோயிலிலும் என்னைச் சுவர்ப்பக்கம் விடமாட்டார்கள். இதெல்லாம் பின்னால் நான் தேடிக்கொண்ட காரணங்கள். அந்த நேரத்தில் இருந்தது வெறும் பயம். "எழுத்தை வச்சு நான் வரிசைப்படுத்தித் தர்றேன்" என்றுதான் என் வாயில் வந்தது. தலைவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

இரண்டு மாதம் லீவு நாளெல்லாம் அங்கேயே கிடந்தேன். கொட்டகையில் தாள்களைப் பரப்பி, ஒரு கல்லில் அறுந்த வரி எந்தக் கல்லில் தொடர்கிறது என்று பார்த்துச் சொல்வேன். மேஸ்திரி கல்லின் விளிம்பைத் தடவிப் பார்த்து, "சரிதாங்க, உக்காந்துரும்" என்பார். வேலை என்னவோ இனிமையான வேலைதான். ஆனால் சாயங்காலம் நான் கிளம்பும்போதெல்லாம் அவர் கும்பிடு போட்டு, "ஐயா இல்லைன்னா என் பொழப்பு போயிருக்குமுங்க" என்பார். அந்தக் கும்பிடுதான் என்னைக் கொன்றது.

காவியைத் தொடுவதையே அவர் விட்டுவிட்டார். கொட்டகையில் கோடு நன்றாக இருந்த கற்களிலும் ஓரமாக உளியால் ஒரு அடையாளம் கொத்தினார். "அதான் நல்லாத் தெரியுதே மேஸ்திரி?" என்று கேட்டேன். "தெரியுதுங்க. ஆனா நம்ப முடியலைங்க" என்றார்.

கும்பாபிஷேகத்தன்று, வேலையை முடித்துக் கொடுத்தவரை முன்னே அழைத்துத் தலையில் பரிவட்டம் கட்டுவது வழக்கம். மேஸ்திரி குளித்து, புது வேட்டி கட்டி, முன்வரிசையில் நின்றார். தலைவர் என் பெயரைக் கூப்பிட்டார். பட்டுத் துணியை என் தலையில் சுற்றினார்கள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "காவி மழையில போகலை. நான்தான் தெரியாமத் தேச்சுக் கழுவிட்டேன். இந்த மரியாதை மேஸ்திரிக்குச் சேர வேண்டியது" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

தலைவர் சிரித்தார். "பாத்தீங்களா பெருந்தன்மைய! மேஸ்திரி செஞ்ச தப்பைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறாரு. படிச்சவங்கன்னா இப்படில்ல இருக்கணும்!" என்றார். கூட்டம் கைதட்டியது. நான் இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல, கைதட்டல்தான் கூடியது. திரும்பிப் பார்த்தபோது மேஸ்திரி நின்ற இடம் காலியாக இருந்தது.

தென்சுவருக்குப் பக்கத்தில், உளிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். "மேஸ்திரி, அங்க நான் சொன்னது நெசம்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"அப்ப, என் காவி மழைக்குக் கரையலைங்களா?"

"கரையலை. சவுக்காரம் போட்டு நான் தேச்சதுலதான் போச்சு. என் வேட்டியில பட்டது இன்னும் போகலை."

அவர் பெருமூச்சு விட்டார். முகத்தில் இரண்டு மாதத்துச் சுமை இறங்கியது தெரிந்தது. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு சில அடி நடந்தவர் நின்றார். பரிவட்டம் இன்னும் என் தலையில்தான் இருந்தது.

"அந்த வேட்டியக் கட்டிக்கிட்டு அன்னைக்கே வந்திருக்கலாமுல்லங்க" என்றார்.