வேலியில் காய்ந்த வெள்ளை

சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் வேலிகளில் பள்ளிச் சீருடைகள் காயும். காற்று உள்ளே புகுந்தால் கைகள் நிமிரும், வயிறு உப்பும். தலையில்லாத பிள்ளைகள் வரிசையாக நின்று கடலைப் பார்ப்பதுபோல் இருக்கும். கண்ணை மூடினால் வேலிகளுக்கு நடுவே போகும் அந்தக் குறுகிய ஒழுங்கை இப்போதும் அப்படித்தான் மெல்ல அசைகிறது.

சாம்பல்தீவுக்குப் பக்கத்தில், கடலோரத்தில் எங்கள் ஊர். ஒருமுறை கடல் உள்ளே வந்து போனபிறகு ஒரு அனர்த்தக் குழு அமைத்து, மீனவர் சங்கத்தில் எழுதுவினைஞனாக இருந்த என்னைச் செயலாளராக்கினார்கள். கையெழுத்து அழகு என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. நகரில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். குளிரூட்டிய மண்டபத்தில் ஒன்றரை நாள் தூங்கினேன். மீதி அரை நாளில் காதில் விழுந்ததை வைத்து ஒரு திட்டம் போட்டேன். எச்சரிக்கை வந்தால் எல்லோரும் கோயில் மேட்டுக்குப் போக வேண்டும். வெளியேறும் வீட்டார் வேலியில் ஒரு வெள்ளைத் துணியைப் போட வேண்டும். துணி கண்ட வீட்டை யாரும் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. கூட்டத்தில் கைதட்டாதவர் மிட்வைஃப் அக்கா ஒருவர்தான். ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பவர் அவர். யாருக்கு எத்தனையாவது மாதம் என்பது அவருக்கு மனப்பாடம். “தம்பி, துணி நடந்து மேட்டுக்கு வராது,” என்றார். பகிடி விடுகிறார் என்று நினைத்து நானும் சிரித்து வைத்தேன்.

உண்மையான எச்சரிக்கை ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. கோயில் மணி அடித்தது, சனம் ஓடியது. நான் வீட்டுப் பட்டியல் ஒட்டிய அட்டையும் பேனையுமாக ஒழுங்கை வழியே நடந்தேன். பார்த்த வேலியெல்லாம் வெள்ளை. எங்கள் சனத்தின் கட்டுப்பாட்டை எண்ணி எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வீடு சரி போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினேன்.

அக்கா என் அட்டையைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தார். கடைசி வீட்டுப் பிள்ளை எங்கே என்று கேட்டார். அவள் கர்ப்பிணி, ஒன்பதாம் மாதம். புருஷன் சீனன்குடாவில் வேலைக்குப் போயிருந்தான். வெள்ளைத் துணி கிடந்ததே என்றேன்.

“சனிக்கிழமையில எந்த வேலியில தம்பி வெள்ளை இல்லை? வேலியைப் பாத்தோ ஆக்களை எண்ணினனீங்கள்?”

அதற்குள் ஸ்கூட்டர் உறுமியது. நானும் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

ஆளில்லாத ஊரை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு குசினியில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் வானொலி தன்பாட்டில் கதைத்துக்கொண்டிருந்தது. வெயில் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் மங்கலாகக் கிடந்தது. நாங்கள் ஏற்கெனவே மூழ்கிவிட்டோமோ, தெரியாமல்தான் போய்க்கொண்டிருக்கிறோமோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

வீங்கிய கால்களை நீட்டியபடி அவள் கதிரையில் இருந்தாள். பக்கத்து வீட்டுச் சீருடை அவள் வேலியில் ஆடியது. அவள் அழவில்லை. “ஆராவது வருவினம் எண்டு இருந்தனான்,” என்றாள். அந்த ‘ஆராவது’ சற்றுமுன் அவள் வாசலில் நின்று சரி போட்டுவிட்டுப் போனவன் என்பதை நான் சொல்லவில்லை.

ஸ்கூட்டரில் இரண்டு பேருக்குத்தான் இடம். அக்கா ஓட்ட, அவள் பின்னால் இருந்தாள். அதற்குப் பின்னால் நான் ஓட்டம். பாதி வழியில் ஒரு செருப்பை விட்டேன், முக்கால் வழியில் இடுப்புச் சாரமும் அவிழப் பார்த்தது. முதுகுக்குப் பின்னால் கடல் என்ன செய்கிறது என்று திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மேட்டில் அக்கா தன் கொப்பியை விரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஆள் ‘ஓம்’ சொல்லாமல் அடுத்த பெயருக்குப் போகவில்லை. கடைசியாக என் பெயர். நான் அவர் பக்கத்தில்தான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்; என் வியர்வை அவர் கொப்பியில் சொட்டியது. ஆனாலும் அவர் காத்திருந்தார். “ஓம்,” என்றேன். அதன்பிறகுதான் அவர் கடலைப் பார்த்தார்.

கடல் வரவில்லை. பின்னேரம் எச்சரிக்கையை நீக்கினார்கள். என் திட்டத்தால் யாரும் சாகவில்லை என்பதற்கு நான் கடலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அக்கா ஓய்வு பெற்றுக் கட்டைபறிச்சானில் மகளோடு இருக்கிறார். இப்போது ஒத்திகைகளில் பெயர் கூப்பிடுவது நான். ஒவ்வொரு வீட்டிலும் அறைவரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் மேட்டுக்கு வருகிறேன். நாய்கள்கூடக் குரைத்துச் சலித்துவிட்டன. கடைசியில் என் பெயரையும் நானே உரக்கக் கூப்பிட்டு, நானே “ஓம்” என்கிறேன். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிக்கட்டும். அந்த ‘ஓம்’ என் காதில் விழும்வரை நான் கடல் பக்கம் திரும்புவதில்லை.