தகரக் கூரையும் ஒரு சைகைக் கதையும்

இது நடந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன், பெங்களூருவில், கோடை மழை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்த ஒரு மே மாதத்தில். பொம்மனஹள்ளியில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் நான் வேலை செய்கிறேன். வீட்டில் மற்றவர்கள் டி.வி. பார்க்கும் நேரத்தில், பேசும் மலையும் பறக்கும் பாம்பும் வருகிற கதைகளைப் படித்துக்கொண்டிருப்பேன். என்னைப் போலவே ஃபேண்டஸி பைத்தியம் பிடித்த சிலரும் நானும் மாதத்துக்கு ஒருமுறை ஒரு பூங்காவில் கூடிப் பேசுவோம். சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன், ஐ.டி. கம்பெனியில் வேலை செய்யும் ஒரு தம்பி, நான். இந்த மூன்று பேரும்தான் ஒரு கூட்டத்தைக்கூடத் தவறவிடாதவர்கள். அதனாலேயே, 'நாமே ஒரு நாள் மாநாடு நடத்தினால் என்ன?' என்று யாரோ கேட்டபோது, பொறுப்பும் எங்கள் தலையில் விழுந்தது.

முதலில் அரங்கு கிடைக்கவில்லை. மாநாடு என்று சொன்னால் எந்தக் கட்சி என்றார்கள். மாயக்கதை என்று விளக்கினால் பில்லி சூனியமா என்றார்கள். கடைசியில் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் தகரக் கூரை போட்ட அரங்கைக் கேட்டுப் போனோம். பங்குத்தந்தை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டிராகன் வருமா?" என்றார். துணியில் செய்த டிராகன் வரும் என்று அண்ணன் சொன்னார். "அப்ப நானும் எட்டிப் பார்க்கறேன். ஆனா சாயங்காலம் பாட்டுக்குழு பயிற்சி இருக்கு. அஞ்சு மணிக்குள்ள காலி பண்ணிடணும்" என்று சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

அறிவிப்பு வெளியிட்ட மறுவாரம் என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. ஒக்கலிபுரத்தில் இருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். ஒரு விளம்பர நிறுவனத்தில் டிசைனர். தனக்கும் தன் தோழிகள் இருவருக்கும் காது கேட்காது என்றும், மூவருமே இந்த வகைக் கதைகளைத் தேடித் தேடிப் படிப்பவர்கள் என்றும், சைகை மொழிபெயர்ப்பாளர் இருப்பாரா என்றும் கேட்டிருந்தார். அதோடு, மதியம் நடக்கவிருந்த கதை சொல்லும் போட்டியில் தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளும்படி எழுதியிருந்தார்.

நாங்கள் மூவரும் அண்ணனின் துணிக்கடையில் உட்கார்ந்து யோசித்தோம். தம்பிக்குக் கவலை.

"அக்கா, ஜட்ஜஸுக்கு எப்படிப் புரியும்? கதையை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. நம்மள்ல யாராவது வாசிச்சிடலாம்" என்றான்.

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அப்படியே கேட்டு எழுதினேன். உடனே பதில் வந்தது. 'போட்டி கதை சொல்வதற்கா, எழுதுவதற்கா? சொல்வதற்கு என்றால் நான்தான் சொல்வேன்.'

படித்துக் காட்டியதும் அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "கரெக்டா கேட்டாங்கமா! மொழிபெயர்ப்பாளரைப் பிடி. மத்ததை ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

விசாரித்து விசாரித்து ஓர் இளம்பெண்ணைக் கண்டுபிடித்தோம். அவருடைய அம்மா, அப்பா இருவருக்குமே காது கேட்காது. பேச்சு வருவதற்கு முன்பே கையில் சைகை வந்துவிட்டதாகச் சொன்னார். மாநாட்டுக்கு முந்தைய வாரச் சனிக்கிழமை, சிற்றுண்டிக் கடை ஒன்றில் அவரையும் ஒக்கலிபுரத்துக்காரரையும் சேர்த்துச் சந்தித்தேன். முப்பது வயதிருக்கும் ஒக்கலிபுரத்துக்காரருக்கு. குட்டை முடி, பெரிய கண்ணாடி. வந்ததும் வராததுமாக என் பையில் துருத்திக்கொண்டிருந்த புத்தகத்தை உருவி எடுத்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்து, கையை இரண்டு முறை அசைத்தார்.

"முடிவு சொதப்பல்னு சொல்றாங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

நான் பாதிதான் படித்திருந்தேன். முடிவைச் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். அன்றே எங்களுக்குள் சண்டை போடும் அளவுக்கு நட்பு வந்துவிட்டது.

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சிக்கல் இருந்தது. காலை அமர்வில் ஒருவர் கோயில் சிற்பங்களில் வரும் யாளியைப் பற்றிப் பேசப்போகிறார். யாளி என்பதற்கு அவருக்குத் தெரிந்து சைகை கிடையாது. ஒவ்வொரு முறையும் எழுத்துக் கூட்டிக் காட்டினால் கை ஓய்ந்துவிடும். "யானைத் தும்பிக்கையும் சிங்கப் பிடரியும் சேர்த்துக் காட்டட்டுமா?" என்று செய்து காட்டினார். ஒக்கலிபுரத்துக்காரர் தலையை ஆட்டி மறுத்தார். அது மிருகக்காட்சி சாலை மாதிரி இருக்கிறதாம். காபி ஆறும்வரை யோசித்தார். பிறகு ஒரு கையை விரல்கள் பற்களைப் போல வளைய வாய்க்கு முன்னால் வைத்து, அதற்குள் இன்னொரு கையின் சுட்டுவிரலை உருட்டினார்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. கோயில் தூண்களில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை இருக்குமே, உருளும், ஆனால் வெளியே எடுக்க முடியாதே, அது! பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது நான் வாய் முன் விரலை உருட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கைப் பெண் தள்ளி உட்கார்ந்துகொண்டார். அந்த ஒரு வாரத்தில் இணையத்தில் பார்த்துப் பார்த்து இன்னும் சில சைகைகள் கற்றுக்கொண்டேன். அம்மா, தண்ணீர், கதை, நன்றி. ஓரளவு நமக்கும் புரியும் என்ற நம்பிக்கை வந்துவிட்டது.

மாநாட்டு நாள் ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தவர்கள், வாசலில் அட்டை இறக்கை மாட்டி நின்றவரையும் ஊதா வெல்வெட் அங்கியில் வந்த துணிக்கடை அண்ணனையும் நின்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் போகாமல் உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பயந்தபடி அரங்கு காலியாக இல்லை, நிறைந்துவிட்டது. யாளி அமர்வில் மொழிபெயர்ப்பாளர் அந்தப் புதுச் சைகையைக் காட்டியதும், பேச்சாளர் பேச்சை நிறுத்திவிட்டு அது என்ன என்று கேட்டார். விளக்கியதும் அரங்கமே வாய் முன் விரலை உருட்டியது. சைகை மொழியில் கைதட்டுவது எப்படி என்றும் அப்போதே கற்றுக்கொண்டோம். இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை விரித்து ஆட்ட வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டி. இரண்டு பேர் கதை சொல்லி முடித்தார்கள். மூன்றாமவர் மைக்கைப் பிடித்தபோது வானம் கறுத்தது. பெங்களூரு மழைக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. மொத்தமாகக் கொட்டியது. தகரக் கூரையில் லாரி லாரியாக ஜல்லியைக் கவிழ்ப்பதுபோல ஒரு சத்தம். கூடவே மின்சாரமும் போனது. மைக் செத்தது. அந்த மனிதர் தொண்டை நரம்பு புடைக்கக் கத்திப் பார்த்துவிட்டு, கும்பிடு போட்டு இறங்கிவிட்டார். பக்கத்தில் இருந்தவரின் பேச்சே கேட்கவில்லை. எல்லோரும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தம்பி என் காதில் வாயை வைத்துக் கத்தினான். "போட்டியை கேன்சல் பண்ணிடலாங்கா! நாலு மணி ஆகப்போகுது. ஹால் கொடுக்கணும்!"

அடுத்த பெயர் ஒக்கலிபுரத்துக்காரருடையது. அத்தனை வாதாடி மேடையைக் கேட்டு வாங்கியவரிடம், இன்று இல்லை என்று எப்படிச் சொல்வது? திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் ஏன் மேலேயே பார்க்கிறார்கள் என்று அவர் மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. எழுந்தார். யாரையும் கேட்காமல் மேடை ஏறிவிட்டார்.

மொழிபெயர்ப்பாளர் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று கத்திப் பார்த்தார். முன்வரிசைக்குக்கூட எட்டவில்லை. ஒக்கலிபுரத்துக்காரர் அவரை நீ போய் உட்கார் என்று கையசைத்து அனுப்பினார். அண்ணன் கதவுகளை எல்லாம் திறந்துவிட்டார். நாலைந்து பேர் கைப்பேசி விளக்குகளை மேடைப் பக்கம் திருப்பினார்கள். கதை தொடங்கியது.

நான் கண்டது இது. தரைக்கு அடியில் மிக நீளமான ஏதோ ஒன்று கண் விழிக்கிறது. மண்ணைப் பிளந்து தலையை வெளியே நீட்டுகிறது. பாம்பு. அவர் தோளிலிருந்து விரல் நுனிவரை பாம்பாகவே மாறியிருந்தார். எங்கேயோ போகத் துடிக்கிறது. மணிக்கட்டை மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்கிறது. கையில் விலங்கு பூட்டியிருக்கிறார்களோ? வழியில் எதிர்ப்படும் ஒவ்வொருவரிடமும் கையை நீட்டி எதையோ கெஞ்சுகிறது, எல்லோரும் தலையாட்டி மறுத்துப் போகிறார்கள். குஞ்சைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறது என்று புரிந்துகொண்டேன். அதன் முதுகின் மேல் சின்னச் சின்ன உயிர்கள் ஓடுகின்றன. வானத்தைப் பார்த்து வாயை அகலத் திறந்து அழுகிறது. கடைசியில் அலுத்துப்போய் அப்படியே படுத்துவிடுகிறது. அதன் வயிற்றுக்கு அடியில் ஒவ்வொன்றாக மரங்கள் முளைத்து அதைத் தாங்கிக்கொள்கின்றன. கடைசியாக ஒருமுறை கண்ணைத் திறக்கிறது; இரண்டு விரல்கள் கத்தரிபோல எதையோ வெட்டுகின்றன, அதன் உயிரையோ? அவ்வளவுதான். அசைவில்லை.

என் கன்னம் நனைந்திருந்தது. ஓரத்தில் அவருடைய தோழிகள் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. இதற்குப் போய்ச் சிரிப்பார்களா?

கதை முடிந்ததும் அரங்கு முழுவதும் கைகள் உயர்ந்து ஆடின. அந்த மழைச் சத்தத்தில் வேறு எந்தக் கைதட்டலும் பயன்பட்டிருக்காது.

சற்று நேரத்தில் மழை குறைந்தது. நான் நேராக அவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சைகையில் 'அம்மா' என்று காட்டி, மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னேன். "அந்தத் தாய்ப்பாம்போட வேதனையை மறக்கவே முடியாதுன்னு சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் விழித்தார். "எந்தத் தாய்ப்பாம்புக்கா?"

அதற்குள் நடுவர்கள் இருவரும் வந்துவிட்டார்கள். ஒருவர் அது சிறையிலிருந்து தப்பிய கைதி என்று நினைத்திருந்தார். இன்னொருவருக்கு அது ரயில். துணிக்கடை அண்ணனோ, "காவேரி ஆறுதானே? அதான் யாருமே தண்ணி கொடுக்க மாட்டேங்கறாங்க" என்றார். எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பாளர் சைகையில் சொல்லச் சொல்ல, ஒக்கலிபுரத்துக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு நடுவர்களிடம், இன்னொரு தடவை சொல்லட்டுமா என்று கேட்டார். நேரம் கொஞ்சம் இருந்தது. மறுபடி மேடை ஏறினார். இந்த முறை மொழிபெயர்ப்பாளரின் குரல் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

ஏரிக்கு அடியில் பல யுகங்களாகத் தூங்கிய நாகம் ஒன்று, ஓசூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்புகிறது. ஏரி இருந்த இடத்தில் இப்போது ஓசூர் ரோடு இருக்கிறது. தலையை வெளியே நீட்டியதும் டிராஃபிக்கில் மாட்டிக்கொள்கிறது. முகூர்த்தத்துக்கு நேரமாகிறதே என்று கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தவிக்கிறது. ஆட்டோக்களைக் கை நீட்டிக் கூப்பிட்டால் ஒருவரும் வர மாட்டேன் என்கிறார்கள். பைக்குகள் நடைபாதை என்று நினைத்து அதன் முதுகின் மேல் ஏறி ஓடுகின்றன. நாகத்துக்குக் கொட்டாவி வருகிறது. சிக்னல் விழும்வரை கொஞ்சம் கண்ணயர்கிறது. விழித்துப் பார்த்தால், அதிகாரிகள் அதன் வயிற்றுக்கு அடியில் தூண்களை நட்டு, மேம்பாலம் என்று பலகை வைத்து, ரிப்பன் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

அதே விரல்கள், அதே வாய், அதே மணிக்கட்டு. ஒன்றுகூட மாறவில்லை. அரங்கம் அதிர்ந்தது. இறக்கை கட்டியிருந்தவர் சிரித்த சிரிப்பில் ஒரு இறக்கை கழன்றே விழுந்தது. பொம்மனஹள்ளியில் இருந்து தினம் அந்தச் சாலையைப் பார்க்கிறவள் நான். அந்த நாகம் நானேதான். நான்தான் அதற்கு ஒரு குஞ்சைக் கொடுத்து, அதைத் தொலைக்கவும் வைத்து, உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

நடுவர்கள் அவருக்கு இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு இறங்கியதும், முதல் பரிசு ஏன் இல்லை என்று அவர்களைப் பிடித்துக்கொண்டார். பாட்டுக்குழு உள்ளே வரத் தொடங்கியும் அந்த விவாதம் முடியவில்லை. வாசல்வரை தொடர்ந்தது. பங்குத்தந்தை குடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்.

வெளியே வந்ததும் ஒரு கேள்வி கேட்டேன், மொழிபெயர்ப்பாளர் வழியாக. "நான் அழுததைப் பார்த்து உங்களுக்குக் கோபம் வரலையா?"

அவர் யோசிக்காமல் பதில் சொன்னார். "எனக்குப் பழக்கம்தான். நான் எதைச் சொன்னாலும் யாராவது ஒருத்தர் அழுவாங்க. நீங்களாவது ஒரு முழுக் கதை கட்டினீங்க. அது நல்ல கதை. எழுதுங்க."

அன்று பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் மனம் உட்காரவில்லை. விரல்கள், வாய், மணிக்கட்டு என்று எல்லாம் என் கண்முன் சரியாகத்தான் இருந்தன. அவற்றைச் சோகமாக்கியது யார்? காது கேளாத ஒரு பெண் மேடை ஏறினால் அங்கே கண்ணீர்தான் இருக்கும் என்று, அவர் கையைத் தூக்குவதற்கு முன்பே நான் தீர்மானித்திருந்தேன். அவர் எழுதச் சொன்ன தாய்ப்பாம்புக் கதையை நான் இன்னும் எழுதவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம் எதையாவது சொல்லத் தொடங்கும்போதெல்லாம், அது அழுகையா சிரிப்பா என்பதை அவரே சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.