கொம்பு வைத்த கிடார்

மகள் கிடார் வாங்கிய செய்தி எழுமலைக்கு வந்தபோது முருகம்மாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மதுரையில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, கைநிறையச் சம்பளம், ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறாள், வாங்கட்டுமே என்றுதான் இருந்தாள். பொங்கலுக்கு வந்த முத்துமீனா உறையைத் திறந்து காட்டிய பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது.

"ஏண்டி, கீழ்ப்பாதி எங்கடி?"

கிடார் என்றால் இடுப்பும் வயிறுமாக இருக்கும் என்பது டிவி பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். இதற்கு வயிறு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று இரண்டு கால்கள் கவட்டை மாதிரி விரிந்து கிடந்தன.

"மாடலே இப்பிடித்தாம்மா. இது கரண்ட்டுல பாடுறது. இதுக்கு வயிறு வேண்டியதில்ல."

"ஒடைஞ்சத ஒந்தலையில கட்டிப்புட்டான். இம்புட்டுப் படிச்சும் ஏமாந்து வந்து நிக்கிற!"

அதற்குமேல் முத்துமீனா என்ன சொல்லியும் எடுபடவில்லை. அந்தக் கிடாரின் மேல் அவளுக்கு இருந்த கிறுக்கை அம்மாவிடம் எப்படி விளக்குவது? உட்கார்ந்து மடியில் வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். எழுந்து நின்று தோளில் மாட்டினால்தான் வழிக்கு வரும். பகல் முழுக்க மைக்ராஸ்கோப்பின் முன்னால் கூன்போட்டு உட்கார்ந்திருப்பவளுக்கு, சாயங்காலம் விடுதி மொட்டைமாடியில் நெஞ்சை நிமிர்த்தி நின்று வாசித்தால்தான் அன்றைக்குச் சாப்பிட்ட சாப்பாடே ஒட்டியதுபோல் இருக்கும்.

தெருவில் பொங்கல் விழா நடத்துகிற சிவபாண்டிக்கு விஷயம் தெரிந்தது. வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான்.

"தங்கச்சி, மாட்டுப் பொங்கலன்னிக்குச் சாயந்தரம் மேடையில வாசிக்கிற. மைக்செட்டுக்காரர்ட்ட பேசிட்டேன்."

முத்துமீனாவுக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தத் தெருவில், சொந்த சனத்துக்கு முன்னால் மேடை! ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. அம்மா வந்து பார்க்க வேண்டும்.

"நான் வரல" என்றாள் முருகம்மாள். "நீ ஏமாந்த கதைய ஊரே பாத்துச் சிரிக்கும். அத நான் வேற ஒக்காந்து பாக்கணுமாக்கும்?"

அந்தப் பேச்சு முத்துமீனாவைச் சுருக்கென்று தைத்தது. அப்பா மலைச்சாமி மாட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். முருகம்மாள் முடிவு கட்டிய பிறகு அந்த வீட்டில் யார் பேசுவது?

மாட்டுப் பொங்கலன்று முத்துமீனா மேடைப்பக்கம் போய் ஒயர், ஸ்பீக்கரையெல்லாம் சரிபார்த்துவிட்டு, கிடாரை எடுத்துப்போக வீட்டுக்கு வந்தாள். தொழுவத்தில் மாடுகள் குளித்து, கொம்பில் நீலப் பெயிண்ட் மினுங்க நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் கிடார். அதன் இரண்டு கால்களிலும் அதே நீலம். நுனியில் சிவப்பு. கழுத்தில் ஆவாரம்பூ மாலை, நடுவில் குங்குமப் பொட்டு வேறு.

"என்னம்மா செஞ்சு வச்சுருக்க!" என்று அலறிவிட்டாள்.

கையில் பிரஷ்ஷோடு முருகம்மாள் திரும்பினாள். "எதுக்குக் கத்துற? ஒடைஞ்ச சாமான்னு ஒருத்தி ஒன்னயச் சொல்லிறக் கூடாதுல்ல. இப்பப் பாரு, வேணும்னே கொம்பு வச்சுச் செஞ்சாப்புல இல்ல?"

முத்துமீனாவுக்கு அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன. அப்படியானால் இத்தனை நாளும் அம்மா மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தது இதைத்தான்! மகளை ஊர் சிரித்துவிடக் கூடாது.

"கம்பியில பெயிண்டு படலையே?"

"கண்ணுல ஒரு சொட்டு விழுகாம மாட்டுக்கே அடிக்கிறவ. இதுதான் ஆடாம அசையாமக் கெடக்கே."

"அப்ப நீயும் வாம்மா."

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும். நீ போ."

மேடையில் முத்துமீனா ஏறியதும் தெருவே எழுந்து நின்று விசிலடித்தது. உடைந்தது என்று ஒரு ஆள் சொல்லவில்லை. "நம்ம மீனா, கொம்புக் கிடாரு!" என்று சிவபாண்டி மைக்கில் தொண்டை கிழியக் கத்தினான். அவள் குத்தாட்டத்துக்கு ஒரு மெட்டை எடுத்துவிட்டாள். காயாத பெயிண்ட் முழங்கை வரை அப்பியது. இளவட்டங்கள் புழுதி பறக்க ஆடினார்கள். அவள் கண் மட்டும் கூட்டத்தில் அம்மாவைத் தேடியது. காணவில்லை. கடைசியில் அந்த ஏக்கத்தையெல்லாம் சேர்த்து ஒற்றைக் கம்பியை இழுத்துப் பிடித்தாள். கிடார் நீளமாக அழுதது.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குலவை எழுந்தது.

பொங்கல் பொங்கினால் போடுவார்கள், சாமிக்குப் போடுவார்கள். கிடாருக்கு யாரும் போட்டதில்லை. முருகம்மாள் போட்டாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கம்பியின் சத்தம் தேய்ந்து அடங்கியது, முருகம்மாளின் மூச்சு அடங்கவில்லை. முத்துமீனா வாய்விட்டுச் சிரித்து, மறுபடியும் கம்பியை இழுத்தாள். அத்தனை சந்தோஷம் அவளுக்கு அதுவரை வந்ததில்லை.

குலவை ஓய்ந்ததும் பக்கத்தில் நின்ற ராமக்காள் கேட்டாள்: "என்னத்தா அது, ஒம் மக வச்சுருக்கது?"

முருகம்மாள் நீலம் அப்பிய கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"கிடாரு, அக்கா. மாடலே இப்பிடித்தான். வயிறு வேண்டியதில்ல."