ஐம்பது வயசுக்காரிக்கு ஆள் கிடைக்கவில்லையாம்

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குப் பெயர் கிளட்ச் அக்கா. இருபத்திரண்டு வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்திக் கத்தி வாங்கிய பெயர். ஐம்பது முடிந்த வாரம் முதலாளி கூப்பிட்டார். "வயசாச்சும்மா. இனிமே மேஜையில உக்காந்து ஃபாரம் பாத்தா போதும்." சொன்னவருக்கு அவளைவிட ஆறு வயது அதிகம். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கையில் கார் ஒரு கீறல்கூட வாங்கியதில்லை.

அந்த மேஜையைத் தேடி ஒருநாள் சினிமாக்காரர்கள் வந்தார்கள். சிரிப்பும் திகிலும் கலந்த படமாம். அடுப்படியிலேயே ஐம்பதைத் தொட்ட ஒருத்தி, திருட்டுக் கும்பலுக்குக் கார் ஓட்டப் போய், கடைசியில் கும்பலையே போலீஸில் மாட்டிவிடுகிற கதை. கதாநாயகிக்கு வண்டி ஓட்டத் தெரியாது, பத்து நாளில் கற்றுத்தர வேண்டும் என்றார்கள். பரவாயில்லையே, நம்மளையும் மனுஷியா மதிச்சுப் படம் எடுக்கறாங்களே என்று கிளட்ச் அக்காவுக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

மறுநாள் வந்த கதாநாயகிக்கு முப்பத்திரண்டு வயது. காதோரம் வெள்ளைப் பவுடர் பூசியிருந்தார்கள். நல்ல பெண்தான். ஆனால் திருப்பம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதனால் துரத்தல் காட்சிக்கு ஒரு சண்டைக் கலைஞரை வைத்தார்கள். மீசையை வழித்து, பூப்போட்ட நைட்டியும் நரைத்த விக்கும் மாட்டிவிட்டார்கள். சந்தைத் தெருவில் வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்டிக் குறுகிய சந்துக்குள் நுழைய வேண்டும். முதல் தடவை விளக்குக் கம்பத்தில் இடித்தார். இரண்டாம் தடவை விக் சரிந்து கண்ணை மறைத்தது, காய்கறிக் கடை செட் கவிழ்ந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிளட்ச் அக்காவோ நேரே இயக்குநரிடம் போனாள்.

"நான் ஓட்டறேன்."

"ஐயோ, உங்க வயசுக்கு ரிஸ்க்கும்மா."

"கதையில அவளுக்கு என்ன வயசு?"

"ஐம்பது."

"எனக்கு ஐம்பத்தொண்ணு. ஆம்பளை பொம்பளை ஆகலாம், முப்பத்திரண்டு ஐம்பது ஆகலாம், ஐம்பத்தொண்ணு மட்டும் ஐம்பது ஆகக் கூடாதோ?"

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். சாவியைக் கொடுத்தது சண்டைக் கலைஞர்தான். ஒரே டேக். ஒரு தக்காளிகூட உருளவில்லை.

படம் வந்ததும் கணவரைக் கூட்டிக்கொண்டு பகல் காட்சிக்குப் போனாள். துரத்தலில் தியேட்டரே கைதட்டியது. பெயர்கள் ஓடத் தொடங்கியதும் கணவர் எழுந்து நின்றே பார்த்தார். 'கார் சாகசம்' என்ற இடத்தில் இருந்தது சண்டைக் கலைஞரின் பெயர். டீ கொடுத்தவர் பெயர்கூட இருந்தது. அவள் பெயர் இல்லை.

"விட்டுத் தள்ளு, சினிமாக்காரங்க புத்தி அதான்" என்றார் கணவர்.

"ஏன் விடணும்?"

மூன்று நாள் காலையில் இயக்குநரின் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தாள். மறந்துவிட்டது, இனி மாற்ற முடியாது என்று உள்ளேயிருந்து ஆள் வந்து சொன்னார். மூன்றாம் நாள் அங்கே வந்த சண்டைக் கலைஞர் விஷயம் கேட்டுக் கொதித்துப்போனார். "நான் ரெண்டு தடவை இடிச்சேன், அக்கா ஓட்டுனாங்க. அடுத்தவங்க உழைப்புல என் பேரு எதுக்கு?" அன்று மாலையே டிவி பேட்டியில் அதைப் போட்டு உடைத்தார்.

சந்தி சிரித்த பிறகு இயக்குநருக்கு ஞாபகம் வந்துவிட்டது. 'மூத்த சாதனைப் பெண்மணி' என்று போடட்டுமா என்று போனில் குழைந்தார்.

"மூத்தவும் வேணாம், சாதனையும் வேணாம். கார் ஓட்டியவர்னு போட்டு என் பேரைப் போடுங்க."

போட்டார்கள். டிரைவிங் ஸ்கூல் மேஜையை விட்டு அந்த மாதமே விலகினாள். சண்டைக் கலைஞர் மூலமாக வேறொரு படத்தில் கார் ஓட்ட அழைப்பு வந்தது. கிளம்பும் காலையில் கணவர் கேட்டார்: "இப்பவாச்சும் கோவம் தணிஞ்சுதா?"

"எங்க தணியறது? இந்தப் படத்துலயும் அம்மா வேஷத்துக்கு முப்பது வயசுப் பொண்ணைத்தான் பிடிச்சிருக்காங்க" என்று ஷூ நாடாவை வெடுக்கென்று இழுத்துக் கட்டினாள்.