சுற்றாத ஃபிலிம்

உக்கடம் பெரியகுளத்தின் மேல் வானம் சிவந்திருந்தது. செல்போனில் எடுத்த படம் பதிந்திருக்கிறதா என்று உடனே பார்த்தேன். அப்பாவின் கேமராவில் அப்படிப் பார்க்க முடியாது.

தொண்ணூறுகளில் ஒரு மாலை, இதே குளத்தில் ஒரு மீன்காரரின் பரிசலில் அப்பாவும் சிறுமியான நானும் ஏறினோம். மேகம் நிறம் மாறும்போதெல்லாம் அப்பா பரிசலை அங்கே திருப்பச் சொன்னார், இங்கே நிறுத்தச் சொன்னார். மீன்காரர் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுச் சலிக்காமல் துடுப்புப் போட்டார். கரையிலிருந்த அவருடைய மனைவி வீட்டுக்கு ஓடி, கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சேர்ந்து ஒரு படம்கூட எடுத்ததில்லையாம். முப்பத்தாறு படத்துக்கான ரோல், அதைத் தாண்டியும் முடியவில்லை.

"நம்ம அதிர்ஷ்டம் கண்ணு," என்று அப்பா பூரித்தார்.

ஸ்டுடியோக்காரர் கேமராவைத் திறந்து பார்த்தால், ஃபிலிம் அதைச் சுற்றும் பல்லில் மாட்டவே இல்லை. ஒரு படமும் விழவில்லை. அதன்பிறகு அப்பா குளத்துப் பக்கம் போகாமல் வேறு வழியில் ஸ்கூட்டர் ஓட்டினார்.

ஒருநாள் மார்க்கெட்டில் அந்த அம்மா எங்களைப் பார்த்துவிட்டார். "ஏனுங்க சார், படம் வந்துருச்சுங்களா?"

"ஃபிலிம் இன்னும் கழுவலைங்க," என்றார் அப்பா.

"மெதுவாக் குடுங்க, அவசரமில்லீங்க." என் பக்கம் குனிந்தார். "அம்மணி, நீ சொல்லு. அன்னிக்கு நான் நல்லா இருந்தனா?"

நன்றாகத்தான் இருந்தார். அந்தப் பட்டின் நிழல் தண்ணீரில் விழுந்து மின்னியது இன்றும் எனக்குத் தெரிகிறது. ஆனால் மார்க்கெட்டில் அன்று அப்பாவின் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.