அம்மா பேரில் நான் பண்ணிய சைன்

இதை எழுத உட்கார்ந்து, வேண்டாம் என்று எழுந்துபோன வருஷங்கள் எத்தனையோ.

புத்தூர் ரயில் நிலையத்தில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த எங்கள் அப்பா, நைனா, வீட்டுக்குக் கொண்டுவந்த இங்கிலீஷ் வார்த்தை "சைன்". டூட்டிக்கு ஏறினாலும் இறங்கினாலும் அவர் சைன் பண்ண வேண்டும். அது எங்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டு, கோயிலுக்குக் கிளம்புகிறவர்களிடம் "பெருமாள்கிட்ட சைன் பண்ணிட்டு வா" என்போம்; தெருவில் யாராவது தவறிவிட்டால்கூட நைனா, "பாவம், சைன் பண்ணிட்டுக் கெளம்பிட்டாரு" என்பார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன்.

ஆந்திரா தனி மாநிலமாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஜனங்கள் நிலைகொள்ளாமல் தவித்த காலம். புத்தூர் மெட்ராஸோடு சேர வேண்டும் என்று ஒரு மனுவை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். நைனா டூட்டியில், அம்மா குழாயடியில்.

"பள்ளிக்கூடத்துப் பொண்ணுதானே? அம்மா பேர நீயே சைன் பண்ணு கண்ணு."

பெருமை தாங்காமல் "ராஜம்மாள்" என்று எழுதிக் கொடுத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அடுத்த வீட்டு சுசீலம்மா தெலுங்குக்காரர், அம்மாவுக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி. இரண்டு நாள் கழித்து வந்து கேட்டார்: "என்னக்கா, எங்கள உட்டுட்டு மெட்ராஸோட போறேன்னு சைன் பண்ணிட்டியாமே?"

"எவடி சொன்னா? ஏழுமலையான் சாட்சியா நான் எதுலயும் சைன் பண்ணல."

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுவாரம் குழாயடியில், எல்லார் முன்னாலும் சுசீலம்மா வெடித்தார்: "அந்த மனுவுல உன் பேரு கீது, எங்க ஊட்டுக்காரரு பாத்துக்கினு வந்தாரு. சாமி பேரச் சொல்லியா பொய் சொல்லுவே?"

அம்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். என் முகமே காட்டிக் கொடுத்துவிட்டது.

"ஆமா சுசீலா. நான்தான் இவள எழுதச் சொன்னேன். பொய்ச் சத்தியம் பண்ணது என் தப்பு" என்றாள்.

அதன்பிறகு சுசீலம்மா எங்கள் படியேறவில்லை. அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் என்னை அரித்தது. அந்தச் சனிக்கிழமையே திருமலைக்குப் போய், இடுப்புவரை இருந்த முடியைக் கொடுத்துவிட்டு மொட்டைத் தலையோடு வந்தாள். எதற்கு என்று அழுதேன். "வேண்டுதல்டி, நீ துன்னு" என்று சோற்றைப் பிசைந்து வைத்தாள்.

புத்தூர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. அந்த ரயில்வே வீடுகள் இல்லை, குழாயடி இல்லை, அம்மாவும் இல்லை. சுசீலம்மாவின் பேரப்பிள்ளைகள் திருப்பதியில் இருப்பதாகக் கேள்வி. இதைப் படிக்கிறவர்கள் எவரேனும் அவர்களைப் பார்த்தால், கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள்: ராஜம்மாள் பெருமாள் பேரில் செய்தது மெய்ச் சத்தியம். சைன் பண்ணியது அவள் மகள்.