பால்ச்சாமியைப் பொட்டலமாக்கிய படம்

காளிராஜுக்கு மகன் பிறந்தபோது குலதெய்வத்தின் பேரை வைத்தார்கள். பால்ச்சாமி. தலை நிற்க நாளானது, நடக்க அதைவிட நாளானது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வந்தபோது அவன் வயசுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். மூளை வளர்ச்சி போதாது, இவ்வளவுதான் வரும் என்று மதுரையில் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அழுது தீர்த்த பிறகு காளிராஜும் அவர் மனைவி வேலுத்தாயும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். படிப்பு வராவிட்டால் போகிறது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஒரு மனுஷனாக அவன் இந்த ராஜபாளையத்தில் நடமாடினால் போதும்.

நடமாடவும் செய்தான். வேலுத்தாய் வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனியிலேயே அவனுக்கும் வேலை கிடைத்தது. வெளுத்துக் காய்ந்த துணியைப் பெண்கள் மடித்துப் போடப் போட, அவன் அடுக்கிக் கட்ட வேண்டும். ஓரம் பிசகாமல் அடுக்குவான். அடுக்கி முடித்ததும், ‘நல்லாருக்கு பால்ச்சாமி’ என்று யாராவது சொல்லும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டான். சாயங்காலம் வேலை விட்டதும் நேரே தியேட்டருக்கு வந்துவிடுவான். காளிராஜ் அங்கே படம் ஓட்டுகிற ஆபரேட்டர். மாடியில் மிஷின் ரூமில் மகனுக்கென்று ஒரு ஸ்டூல் போட்டிருந்தார். சின்ன ஜன்னல் வழியாகப் படம் பார்ப்பான். சண்டைக் காட்சி வந்தால் காதைப் பொத்திக்கொள்வான்.

எண்பத்தெட்டாம் வருஷத் தீபாவளிக்கு அந்தப் படம் வந்தது. அதன் கதாநாயகனைக்கூட இப்போது யாருக்கும் ஞாபகமிருக்காது. அதில் பொட்டலம் என்று ஒரு ஆள் வருவான். புத்தி வளராதவன். தொளதொள டவுசர், வாயோரம் எச்சில், கோணல் நடை. வருகிறவன் போகிறவன் எல்லாம் அவன் பின்மண்டையில் அடிப்பான். அடி விழுந்ததும் பல்லைக் காட்டிக்கொண்டு, ‘இன்னொண்ணு குடு’ என்பான். அவ்வளவுதான் காமெடி. இடையிடையே லூசு, அரைக்கிறுக்கு, மரமண்டை என்று வசனம். சினிமாக்காரர்களுக்குச் சிரிப்புக் காட்ட உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லை. எழுதினவர் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்திருந்தால் எழுதக் கை கூசியிருக்கும்.

முதல் நாள் மேட்னியில் காளிராஜும் சிரித்தார். அதை மறைப்பானேன். சிரித்துவிட்டுத் திரும்பினால், லீவு நாளென்று முன்னதாகவே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மகன் அவரைவிட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. வேலை விட்டு வந்துகொண்டிருந்தவனின் பின்மண்டையில் யாரோ தட்டி, ‘ஏலே பொட்டலம்’ என்றார்கள். பால்ச்சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படத்தில் வருகிற ஆள் இவனாம். ‘இன்னொண்ணு குடு’ என்றான். நின்றிருந்தவர்கள் எல்லாம் சிரித்து, டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார்கள். இப்படிச் செய்தால் எல்லாரும் பக்கத்தில் வருகிறார்கள் என்பது அவனுக்கு அன்றைக்குப் பிடிபட்டுவிட்டது. நேராக நடந்த பிள்ளை கோணி நடக்கப் பழகினான். ஒழுகாத எச்சிலை வரவழைத்துக்கொண்டான். அந்த நடையை முதன்முதலாகப் பார்த்த வேலுத்தாய் நடுத்தெருவில் நின்று அழுதாள்.

அடித்தால் ‘அடிக்காதீங்க’ என்று சொல்ல வேண்டும் என்று அவனை உட்கார வைத்துப் பழக்கினாள். அதையும் பொறுப்பாகக் கற்றுக்கொண்டு போய்ச் சொன்னான். அவன் நாக்குக்கு அந்த வார்த்தை முழுசாக வரவில்லை. முன்னைவிடப் பெரிய சிரிப்பாகிவிட்டது. அதைச் சொல்ல வைப்பதற்காகவே அடிக்க ஆரம்பித்தார்கள்.

காளிராஜ் கண்டித்தார், சண்டைக்கும் போனார். சினிமாவைச் சினிமாவாகப் பாருங்கள் என்று அவருக்கே புத்தி சொன்னார்கள். தியேட்டர் முதலாளியிடம் போய், படத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டார். கூட்டமே அந்தக் காமெடிக்குத்தானே வருகிறது என்றார் முதலாளி. கடைசியில் காளிராஜ் பிளேடைக் கையில் எடுத்தார்.

அப்போதெல்லாம் ஒரே பிரிண்டை ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வைத்து ஓட்டுவார்கள். இங்கே ஓடி முடிந்த ரீலை ஒரு ஆள் மொபெட்டில் அங்கே கொண்டுபோவார். நேரம் இடித்தால் ஒரு பாட்டை வெட்டி எடுத்துவைப்பது ஆபரேட்டர்களுக்குள் வழக்கம். படத்தைத் திருப்பி அனுப்பும்போது ஒட்டிவிடுவார்கள். காளிராஜ் எத்தனையோ பாட்டை வெட்டியிருக்கிறார். ஏன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அந்த நினைப்பில், பொட்டலம் அடி வாங்குகிற இடங்களையெல்லாம் வெட்டிச் சுருட்டி ஒரு காலிப் பெட்டியில் வைத்தார். அடியும் பாட்டு மாதிரிதான், ஜனங்கள் மறந்துவிடுவார்கள் என்று எண்ணியதுதான் அவர் செய்த தப்பு.

அந்த அடிக்காகவே இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை வந்தவர்கள் கீழே உட்கார்ந்திருந்தார்கள். படம் தாவியதும் விசிலடித்தார்கள். பிறகு கூச்சல், பெஞ்சுகள் கவிழ்கிற சத்தம். ரீல் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்ததும் அங்கேயும் அதே கலாட்டா. டிக்கெட் கவுண்டர் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள் என்று அந்தத் தியேட்டர் ஆபரேட்டர் காசிராஜன் போன் பண்ணினார். முதலாளி மூச்சிரைக்க மாடியேறி வந்தார். கெட்ட மனுஷர் இல்லை, பால்ச்சாமி மேல் பிரியமாகவே இருந்தவர்.

“ஒம் மனசு எனக்குத் தெரியாதா காளிராஜு? ஆனா அடுத்த ஆட்டத்துக்குள்ள ஒட்டிரு. ஏலாதுன்னா சாவியக் குடுத்துட்டுப் போ. வேற ஆளை வச்சு ஒட்டிக்கிடுதேன்.”

யார் ஒட்டினாலும் அது ஓடத்தான் போகிறது. வீட்டில் மூன்று வயிறு இருக்கிறது. காளிராஜ் உட்கார்ந்து, பிலிம் ஓரத்தைச் சுரண்டி, பசை தடவி, ஒவ்வொரு துண்டாக ஒட்டினார். பழகிய கை, ஒட்டு தெரியாமல் ஒட்டிவிட்டது. அடுத்த ஆட்டத்தில் கீழே தியேட்டர் குலுங்கச் சிரித்தபோது அவர் மிஷினுக்குப் பின்னால் நின்று அழுதார்.

மகன் அந்தக் கண்ராவியைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டாம் என்று, மிஷின் ரூமுக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. பால்ச்சாமி அந்த நேரத்தையெல்லாம் தியேட்டருக்கு எதிரே, அந்த வருஷம்தான் வெளியூரிலிருந்து வந்து கடை போட்டிருந்த சோலைச்சாமியின் டீக்கடையில் கழித்தான். இன்டர்வெல்லுக்கு வெளியே வருகிற கூட்டம் அங்கே அவனை அடித்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போகும். சோலைச்சாமி மட்டும் அடிக்கிறவர்களை விரட்டுவார். அவனுக்குத் தினமும் சும்மா ஒரு டீ கொடுப்பார். ஆனால் அவரும் கூப்பிட்டது பொட்டலம் என்றுதான்.

படம் ஒருவழியாகப் போனது. அதோடு காளிராஜ் அந்த வேலையை விட்டுவிட்டு, காசிராஜன் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டருக்கே போய்ச் சேர்ந்தார். தினமும் டவுன் பஸ்ஸில் போய்வந்தார். படம் போனாலும் பேர் போகவில்லை. கம்பெனிக்குப் புதிதாக வந்த பெண்கள் பொட்டலம் என்றார்கள். பால்ச்சாமி என்று தெரிந்தவர்களும் மெல்ல மெல்ல மறந்தார்கள். அப்புறம் வீட்டுக்கு வீடு டி.வி. வந்து, அந்தக் காமெடியைத் துண்டாக எடுத்துப் போட்டுப் போட்டு, படம் வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகளும் அவன் மண்டையைத் தேடி வந்தன.

ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கிய காளிராஜ், முன்னால் போய்க்கொண்டிருந்த மகனைப் பார்த்து, ‘பால்ச்சாமி’ என்று கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. உரக்கக் கூப்பிட்டார். அதற்கும் திரும்பவில்லை. தெருவில் நின்ற யாரோ, ‘ஏலே பொட்டலம், ஒங்கப்பாலே’ என்றதும் சட்டென்று திரும்பி, வாய் கொள்ளாமல் சிரித்தான். காளிராஜ் இதை வேலுத்தாயிடம் சொல்லவே இல்லை.

பால்ச்சாமிக்குச் சின்ன வயசிலிருந்தே எப்போதாவது வலிப்பு வரும். தொண்ணூற்றாறில் ஐப்பசி மழை நேரத்தில் காய்ச்சலோடு சேர்ந்து வந்த வலிப்பு நிற்கவில்லை. விடியும்போது உயிர் போய்விட்டது. முப்பது வயசுகூட நிறையவில்லை.

அழக்கூட நேரமில்லாமல் காளிராஜ் அச்சகத்துக்கு ஓடினார். ஒருவர் இறந்துபோனால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவது ஊர் வழக்கம். பேருக்குப் பக்கத்தில் ‘என்கிற’ என்று போட்டுப் பட்டப்பேரையும் அடிப்பார்கள். அதைப் பார்த்துத்தான் செத்தது இன்னார் என்று ஊருக்குத் தெரியும், மாலையோடு வந்து சேருவார்கள். போட்டோ போடலாமென்றால், பால்ச்சாமியைப் போட்டோவே எடுத்ததில்லை. அச்சகக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அண்ணாச்சி, அந்தப் பேரையும் சேத்துப் போட்டாத்தான் அம்புட்டு பேருக்கும் தெரியும். போட்டுருவமா?”

“வேண்டாம். பால்ச்சாமின்னு மட்டும் போடுங்க. இருக்கதுலயே பெரிய எழுத்துல போடுங்க.”

மகன் பேர் மட்டும் தனியாக நிற்கட்டும், தன் பேரையும் போட வேண்டாம், குடும்பத்தார் என்று இருந்தால் போதும் என்றார். உயிரோடிருக்கும்போது இந்த ஊர் வாங்கிக்கொண்ட பேரைச் செத்த அன்றைக்காவது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு வைராக்கியம். மார்க்கெட்டிலும் பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடைச் சுவரிலும் மகன் பேர் கறுப்பாக, பெரிதாக நின்றது. ஒவ்வொன்றையும் நின்று படித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

வன்னியம்பட்டியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். தெருக்காரர்களும், கம்பெனியில் பழைய பெண்கள் சிலரும் வந்தார்கள். வேறு யாரும் வரவில்லை. செத்த நேரம் பொறுங்கள், செத்த நேரம் பொறுங்கள் என்று காளிராஜ் பொழுது சாய்கிறவரை எடுக்கவிடாமல் வைத்திருந்தார். வேலுத்தாய் தெருக்கோடியைப் பார்த்தபடி இருந்தாள்.

“எம் பிள்ளயத் தெரியாத ஆளு இந்த ஊர்ல உண்டா? ஒருத்தரையும் காணுமே.”

சிரிக்க மட்டும்தான் வருவார்கள் போலிருக்கிறது என்று காளிராஜ் மனசு வெறுத்துப் போனார். அந்த வெறுப்போடுதான் மகனுக்கு மண் தள்ளினார்.

மறுநாள் காலை, குழிக்கு ஊற்றப் பால் வாங்குவதற்குச் சோலைச்சாமி கடைக்குப் போனார். சோலைச்சாமி பாலை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

“நம்ம பொட்டலத்த நேத்து முழுக்கக் காணலயே அண்ணாச்சி. மேலுக்குச் சொகமில்லையா?”

காளிராஜ் கடைச் சுவரைக் காட்டினார். சோலைச்சாமி போஸ்டரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடியும் போஸ்டரைப் பார்த்தார். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

“எங்கடைச் செவுத்துலதான அண்ணாச்சி ஒட்டிருக்கு. யாரோ எவரோன்னுல்லா இருந்துட்டேன். கடையச் சாத்திட்டு ஓடி வந்திருப்பேனே. ஊரே வந்திருக்குமே. அவன் பேரப் போட்டிருக்கக் கூடாதா?”

“பேரத்தான் தம்பி போட்டேன்” என்றார் காளிராஜ்.